கறுப்பு நூலில் ஒரு முடிச்சு

ஜெனிற்றா, நிரோஷன், இதை உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஒருவர் வாசித்து முடித்துவிட்டு மற்றவரிடம் கொடுங்கள். சண்டை வேண்டாம்.

நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது அப்பா ஒருமுறை இருபத்தொரு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். ஜெனிற்றா அப்போது ஆறாம் வகுப்பு. நிரோஷன் பள்ளிக்கூட வாசலில் நின்று அழுகிற வயது. அப்பாவுக்குக் காய்ச்சல், கிட்டப் போகாதேங்கோ என்று அம்மா உங்களிடம் சொன்னா. நிரோஷன் அதையும் மீறி வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சுடேல்லையே அப்பா" என்று கேட்டவன். அவன் சொன்னதுதான் சரி. காய்ச்சல் இல்லை.

போன மாதம் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள் அல்லவா, அன்று தொழிற்சாலையில் நூல் சுற்றுகிற பகுதியில், சுற்றுப் பகுதி என்போம், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். இப்போது அங்கே கமராக் கண் வைத்த மெசின் வந்துவிட்டது. நூல் அறுந்தால் அது தானாக நின்று, தானாகக் குறித்துவைக்கும். "இது வர முதல் நூல் அறுந்தால் என்ன செய்யிறனீங்கள் அண்ணை?" என்று கேட்டார்கள். மாதாவை வேண்டிக்கொள்ளுவம் என்று சொல்லிவிட்டுக் கேக்கைத் தின்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு எனக்கு முள்ளாகக் குத்தியது. அவர்களுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்கு எழுதுகிறேன். அப்பா எட்டாம் வகுப்பு மட்டும்தான் படித்தவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

என் தொழில் தொடங்கிய கதை நீளமில்லை. கிழிந்த வலை பொத்துகிற வீட்டில் பிறந்தேன். கால் நடக்கப் பழகும்போதே கை முடிச்சுப் போடப் பழகிவிட்டது. பிறகு கடல் தாண்டி இந்தியாவுக்குப் போய் முகாமில் இருந்த காலத்தில் ஒரு வலைநூல் ஆலையில் வேலை செய்தேன். நைலோனை உருக்குவது, இழுப்பது, சுற்றுவது எல்லாம் அங்கேதான் பிடிபட்டது. மன்னாருக்குத் திரும்பி வந்தபோது இங்கே தாராபுரம் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலை தங்கூசி செய்துகொண்டிருந்தது. தூண்டிலுக்குப் போடுகிற நைலோன் நூலைத்தான் தங்கூசி என்போம். நான் போய்க் கேட்டேன். இந்தியாவில் செய்த வேலையைச் சொன்னேன். அடுத்த நாளே வரச் சொன்னார்கள்.

மூன்று வருடத்தில் தங்கூசிக்கு வாங்க ஆள் குறைந்துவிட்டது. கதவைச் சாத்தப் போகிறார்கள் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்த நேரத்தில்தான் நஸீரா மிஸ் வந்தா.

அவவுடைய தாய் தகப்பன் மன்னார்க்காரர். இடம்பெயர்ந்து போய்ப் புத்தளத்தில் வளர்ந்தவ. இரசாயனம் படித்தவ. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவ. வந்த முதல் நாள் ஒரு சாக்கை அவிழ்த்துக் காட்டினா. உள்ளே மிளகு போலக் கறுப்புக் குருணி. நைலோனுக்குள் கரித்தூளைக் கலந்து செய்தது. இதை உருக்கி நூலாக இழுத்தால் அதில் மின்சாரம் ஓடும் என்று சொன்னா. கம்பி மாதிரி, ஆனால் தோய்க்கலாம், மடிக்கலாம், உடுப்போடு சேர்த்துப் பின்னலாம். தெற்கில் ஒரு கம்பனி இதைக் கேட்கிறது என்றும், அங்கே உடுப்புகளாக்குகிறார்கள் என்றும் சொன்னா. என்ன உடுப்பு என்று சொல்ல அவவுக்கு அனுமதி இல்லை. ஓட்டப்பந்தயக்காரருக்கு என்று ஒருவர் சொன்னார். ஆமிக்காரருக்கு என்று இன்னொருவர். பிலோமினா அக்கா மட்டும், பணக்காரர் குளிருக்குப் போடுகிற சூட்டுக் கையுறை என்று அடித்துச் சொன்னா. எங்கள் சுற்றுப் பகுதிக்கு மூத்தவ அவதான்.

அந்தக் கரி எங்களைப் படுத்தாத பாடில்லை. மூக்கைச் சிந்தினால் கறுப்பு. தலையணை கறுப்பு. அம்மா என் உடுப்பைத் தனியாகத்தான் ஊறப்போடுவா. விபூதிப் புதனுக்குக் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூச வரிசையில் நின்றபோது பிலோமினா அக்கா பின்னால் இருந்து, "சேவியர், நீ ஏன் நிக்கிறாய், உனக்குத்தான் வருசம் முழுக்கப் பூசிக் கிடக்கே" என்று மெதுவாகச் சொன்னா. சாமியாருக்கும் கேட்டுவிட்டது.

முதல் மாதம் முழுக்க எங்கள் நூலில் மின்சாரம் ஓடவில்லை. பிழை என்னுடையது. தங்கூசியை எவ்வளவுக்கு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு அது பலம். இரண்டு உருளைகளில் பின்னுக்கு உள்ளதை வேகமாகச் சுற்றவிட்டு நூலை நாலு மடங்கு ஐந்து மடங்கு நீட்டுவது என் பழக்கம். கறுப்பு நூலையும் அப்படியே நீட்டினேன். பாரை மீனை இழுக்கலாம், அவ்வளவு பலம். மின்சாரம் பார்க்கிற மீற்றரை வைத்தால் ஒன்றும் இல்லை. மிஸ் என்னைக் கூப்பிட்டு, ஒரு தாளில் புள்ளி புள்ளியாகக் குத்திக் காட்டினா. கரித்தூள் எல்லாம் நூலுக்குள் கைகோத்து நிற்கிற ஆட்கள் மாதிரி என்றா. கை கோத்திருந்தால்தான் மின்சாரம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். நீங்கள் இழுக்க இழுக்கக் கை விட்டுப் போகிறது. வெளியே பார்த்தால் நூல் முழுசு, உள்ளே அறுந்து கிடக்கிறது என்றா. அந்தத் தாளை நான் கனநாள் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வேலையைப் புதிதாகப் பழகினேன். சோளகம் வீசினாலும் வாடை வீசினாலும் எங்கள் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும். நைலோன் ஈரத்தைக் குடிக்கும். அதனால் குருணியை உலர்த்தும் பெட்டியில் ஓர் இரவு முழுவதும் காயவைத்து, சூட்டோடு மூடிய குழாய் வழியாகவே உருக்குகிற மெசினுக்கு அனுப்ப வேண்டும். ஈரம் மிஞ்சினால் உருகியதில் குமிழி வரும். குமிழி வந்த இடத்தில் நூல் அறும். உருகியது ஊசிக்கண் துளைகள் போட்ட ஓர் உருக்குத் தட்டுக்குள்ளால் இருபத்துநாலு மயிரிழைகளாக வழிந்து வரும். குளிர்காற்றுப் பட்டு இறுகும். எண்ணெய் தொட்டு, ஒரே நூலாகச் சேர்ந்து, உருளைகளில் மெல்ல, மிக மெல்ல நீண்டு, பெரிய சுருளில் ஏறும். அங்கிருந்து சுற்றுப் பகுதிக்குப் போய்ச் சின்னக் கூம்புகளில், அதைக் கோன் என்போம், சுற்றப்படும். ஒவ்வொரு கோனிலும் தொடக்கத்தில் ஒரு மீற்றர், முடிவில் ஒரு மீற்றர் அளக்க மிஸ்ஸிடம் போகும்.

மிஸ் அளக்கிற அந்த அறையை அளவு அறை என்போம். ஒரு பலகை. அதில் சரியாக ஒரு மீற்றர் இடைவெளியில் இரண்டு பித்தளைக் கவ்வி. நூலின் ஒரு முனையைக் கவ்வியில் பிடித்து, மறு முனையில் ஓர் ஈயக்குண்டைத் தொங்கவிடுவா. நாங்கள் தூண்டிலில் கட்டுகிற குண்டுதான். ஒரு பை நிறைய வாங்கி, ஒவ்வொன்றாக நிறுத்து, ஒரே நிறையுள்ள மூன்றை மட்டும் எடுத்து வைத்திருந்தா. நூல் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுக்கு இழுபட்டு நிற்க வேண்டுமாம். குண்டு ஆட்டம் நிற்கும்வரை பார்த்திருப்பா. பிறகு இரண்டாவது கவ்வி. பிறகும் ஒரு நிமிடம் சும்மா இருப்பா, கை பட்ட சூடு போகட்டும் என்று. பிறகுதான் மீற்றர். மூன்று தரம் அளப்பா. மூன்றையும் பென்சிலால் எழுதுவா.

குரல் உயர்த்தமாட்டா. ஆனால் ஒரு கேள்வியை மூன்று தரம் கேட்பா. "எப்படி இருக்கு?" என்று கேட்க நான் நல்லாயிருக்கு மிஸ் என்று சொன்னால், தலையை நிமிர்த்தாமல் அதே குரலில் "எப்படி இருக்கு?" இன்னொரு தரம் "எப்படி இருக்கு?" எண்ணைச் சொல்லும்வரை விடமாட்டா. திட்டினாலும் பரவாயில்லை, இந்த மூன்று தரம்தான் தாங்கமுடியாது என்று சுற்றுப் பகுதிப் பெண்கள் சொல்லுவார்கள்.

அவ போட்ட விதிகளில் பெரியது ஒன்றுதான். நூல் அறுந்தால் முடிச்சுப் போடக்கூடாது. அறுந்த இடத்தோடு அந்தக் கோன் முடிந்தது. சிவப்புத் துண்டு கட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். முடிச்சில் நூல் மடிந்து நெரிபடும். கை கோத்து நிற்கிற கரி அந்த இடத்தில் பிரியும். இன்றைக்கு மின்சாரம் ஓடும், நாலு தரம் தோய்த்த பிறகு ஓடாது.

விதி எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் பிள்ளைகளே, சுற்றுப் பகுதியில் இருந்த பதினொரு பேரும் வலை பொத்துகிற வீடுகளில் பிறந்தவர்கள். எங்கள் வீடுகளில் அறுந்த நூலை அறுந்தபடி விட்டுவிட்டு எழும்பிப் போகிறவனை மனிதனாக மதிக்கமாட்டார்கள். எங்கள் முடிச்சு எள்ளில் பாதி. போட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது. என் வலது பெருவிரல் நகத்தை நான் எப்போதும் கொஞ்சம் நீளமாக விட்டிருந்தேன். முடிச்சை இறுக்குவது அந்த நகத்தால்தான். எங்கள் கலியாணப் படத்தைப் பாருங்கள், அம்மாவின் கையைப் பிடித்திருக்கிற கையில் அது தெரியும். படம் பிடிக்க முதல் வெட்டச் சொல்லி அம்மா கெஞ்சினவ. நான் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பதினெட்டுக் கோன் அனுப்ப வேண்டும். சுற்றுப் பகுதியில் ஒருவர் கோயிலில் பிள்ளையின் முதல் நன்மைப் பூசைக்காக லீவு. நான் உருக்குகிற மெசினை நிறுத்திவிட்டு அவருடைய இடத்தில் போய் இருந்தேன். வான் வாசலில் நின்றது. எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அளவுகள் சரி. சிவப்புத் துண்டு ஒன்றும் இல்லை. வான் போனது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட முதல் கிணற்றடியில் கை கழுவினேன். கரி எல்லாம் போய்விட்டது. வலது பெருவிரல் நகத்தின் நுனியில் மட்டும், குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. மயிர் அளவு. தேய்த்தேன், போகவில்லை. நூலைப் பிடித்தால், சுற்றினால், வெட்டினால் அந்தக் கோடு வராது. முடிச்சை நகத்தில் வைத்து அழுத்தி இறுக்கினால்தான் வரும்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்றும் சொல்லமுடியாது. டிக் என்று ஒரு சத்தம். கை போனது, மடித்தது, நகம் அழுத்தியது, பல்லால் நுனியைக் கடித்தேன், சுருள் திரும்பவும் ஓடியது. பிலோமினா அக்கா ஏதோ பகிடி சொன்னா, நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். எந்தக் கோன் என்று தெரியாது. காலையா, மத்தியானமா என்றுகூடத் தெரியாது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மீன் சரியில்லையோ என்று அம்மா கேட்டா. ஓம் என்று சொன்னேன். பாவம், அவ அந்த மீன்காரரோடு போய்ச் சண்டை பிடித்தா.

ஞாயிறு பூசையில் இருந்துகொண்டு கணக்குப் பார்த்தேன். சொன்னால் பதினெட்டுக் கோனும் திரும்பும். தெற்குக் கம்பனி எங்களை விட்டுவிடும். பதினொரு பெண்களின் வேலை போகும். என் வேலை முதலில் போகும். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, எட்டாம் வகுப்பு, வேறு எங்கே போவேன்? சொல்லாவிட்டால்? யாரோ ஓடுகிறவனின் சட்டையில் ஒரு கோடு வேலை செய்யாது. என்ன குடி முழுகப்போகிறது? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒன்பது நாளை ஓட்டினேன். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் மிஸ் "எப்படி இருக்கு?" என்று கேட்டா. ஒவ்வொரு நாளும் எண் சொன்னேன். டெலிபோன் அடித்தால் மெசினை விட்டு எட்டிப் பார்த்தேன்.

பத்தாவது நாள், திங்கட்கிழமை, மிஸ் சிரித்த முகத்தோடு வந்து சுவரில் ஒரு படத்தை ஒட்டினா. இனி உங்களுக்குச் சொல்லலாம் என்றா. எல்லோரும் போய்ப் பார்த்தோம்.

ஒரு குழந்தை. மாதம் முந்திப் பிறந்தது. உள்ளங்கை அளவு முகம். வெள்ளைச் சட்டை, அதன் நெஞ்சைச் சுற்றி இரண்டு கறுப்புக் கோடு. எங்கள் நூல். குழந்தை மூச்சு விடும்போது சட்டை விரிந்து சுருங்கும், அந்த அசைவு கறுப்பு நூலில் தெரியும், மூச்சு நின்றால் பக்கத்தில் உள்ள பெட்டி கத்தும். தாதிமார் ஓடிவருவார்கள். உடம்பில் வயர் ஒட்டத் தேவையில்லை, தோல் உரியாது. அப்படித்தான் மிஸ் விளங்கப்படுத்தினா. பெண்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. பிலோமினா அக்கா கையுறை என்று சொன்னதை மறந்து, நான் அப்பவே சொன்னனான் என்றா. இனிப்புக்குத் தொதல் ஒரு தட்டில் வந்தது. நான் ஒரு துண்டை எடுத்தேன். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அளவு அறைக்குப் போனேன். தொதல் கையில் ஒட்டிக் கிடந்தது.

"மிஸ், ஒரு கோனில முடிச்சு இருக்கு."

அவ பென்சிலைக் கீழே வைத்தா. "எந்தக் கோன்?"

"தெரியாது மிஸ்."

"எந்தக் கோன்?"

"போன வெள்ளிக்கு முதல் வெள்ளி அனுப்பின பதினெட்டில ஒண்டு. நான்தான் போட்டனான். எந்தக் கோன் எண்டு தெரியாது."

மூன்றாம் தரம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டா. "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அடுத்த நாளே தெரியும்."

கதிரையை என் பக்கம் தள்ளி, "இருங்க" என்றா. நான் இருக்கவில்லை. அவ என் முன்னாலேயே டெலிபோனை எடுத்தா. சிங்களத்திலும் இங்கிலீசிலும் நெடுநேரம் கதைத்தா. இடையில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்டபடி அப்படியே இருந்தா. வைத்த பிறகு எனக்குச் சொன்னா. நூலில் மின்சாரம் நின்றால் பெட்டி கத்துமா என்று கேட்டேன் என்றா. கத்தாதாம். சட்டையைக் கழற்றிவிட்டார்கள் என்று நினைத்து அது சும்மா இருந்துவிடுமாம்.

பிள்ளைகளே, குழந்தையின் மூச்சு நின்றாலும் அது சும்மா இருக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பன்னிரண்டு சட்டை தைத்து முடிந்திருந்தது. ஒன்பது கம்பனியில், மூன்று ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் உடம்பில். முதல் சில நாளுக்குப் பழைய வயர்களும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். அடுத்த நாள் பின்னேரம் அவற்றைக் கழற்றுவதாக இருந்தது. தெற்கில் இருந்த மனேஜருக்கு நம்பிக்கை இல்லை. பன்னிரண்டையும் மீற்றரில் பார்த்தாயிற்று, எல்லாம் சரி, உங்கள் ஆள் கனவு கண்டிருப்பான் என்றாராம். வந்து காட்டுங்கள், காட்டாவிட்டால் நாங்கள் சொன்னபடி வயர்களைக் கழற்றுவோம் என்றாராம்.

அடுத்த நாள் விடியும்போதே வானில் போனோம். மிஸ் பலகையையும் மூன்று ஈயக்குண்டையும் மடியில் வைத்திருந்தா. கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயலெல்லாம் பச்சை. ஏதோ வேறு நாட்டு வயலைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு. மதவாச்சி தாண்டிய பிறகு வாய் திறந்தேன்.

"மிஸ், என்னை வேலையால நிப்பாட்டுவினமோ?"

"முதல்ல முடிச்சைக் கண்டுபிடிங்க சேவியர் அண்ணன்."

கம்பனியில் ஒன்பது சட்டையையும் மேசையில் அடுக்கினார்கள். பின்னிய துணிக்குள் போன நூலில் எங்கள் முடிச்சைக் கண்ணால் காணமுடியாது. நான் சட்டையை இடது உள்ளங்கையில் விரித்து, கறுப்புக் கோட்டின் மேல் பெருவிரல் நகத்தை வைத்து, ஒரு நூல் விடாமல் மெல்லத் தடவினேன். வலையில் பொத்தாமல் விட்ட கண்ணை இருட்டுக்குள்ளும் அப்படித்தான் தேடுவோம். முதலாவது, இல்லை. இரண்டாவது, இல்லை. ஐந்து. ஆறு. மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பதும் முடிந்தது. ஒன்றும் இல்லை. நகத்தைப் பார்த்தேன். அந்தக் கறுப்புக் கோடு எப்போதோ வளர்ந்து தேய்ந்து போய்விட்டது. உண்மையிலேயே கனவுதானா? கனவாக இருந்தால் எவ்வளவு நல்லது என்றும் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகவும் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் அறைக்குள் விட முதல் தாதி ஒருவர் என் கையை முழங்கை வரை கழுவவைத்தார். பெருவிரலைப் பார்த்ததும் முகம் சுளித்து, ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். நான் கையை நீட்டிவிட்டேன். மிஸ் இடையில் கை வைத்துத் தடுத்து அவரோடு சிங்களத்தில் கதைத்தா. பிறகு என்னிடம், "இண்டைக்கு மட்டும் இந்த நகம் வேணும் எண்டு சொன்னேன்" என்றா. தாதி ஒரு பிரஷ்ஷால் நகத்தின் அடியை இரத்தம் கசியும்வரை தேய்த்துவிட்டு உள்ளே விட்டார்.

முதல் குழந்தையில் ஒன்றும் இல்லை. இரண்டாவது ஒரு பெண் குழந்தை. தாய் பக்கத்தில் இருந்தா, சின்னப் பெண். தமிழ் தெரியாது. குழந்தையைத் தன் கையில் தூக்கிப் பிடித்துத் தந்தா. அந்தச் சட்டைக்குள் மூச்சு ஓடுவது என் விரலுக்குத் தெரிந்தது. கீறிவிடுவேனோ என்று பயந்து பயந்து நகத்தை நகர்த்தினேன். இடது கைக்கு அடியில், மீன் முள்ளின் நுனி பட்டது போல ஓர் இடறல். திரும்பத் தடவினேன். இடறியது.

நகத்தை எடுக்காமல் அப்படியே நின்றேன். மிஸ் வந்து பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, கோட்டின் இரண்டு பக்கமும் கவ்வியைப் பிடித்தா. எண் சரியாகத்தான் நின்றது. மனேஜர் மூச்சை விட்டார். மிஸ் அந்த இடத்தை விரலால் ஒரு தரம் மடித்து விரித்தா. இன்னொரு தரம். எண் ஏறியது. மூன்றாம் தரம் மடிக்க, எண் எல்லாம் அழிந்து, மீற்றரின் ஓரத்தில் தனியாக ஒரு 1 மட்டும் நின்றது. பாதை இல்லை என்று அதற்கு அர்த்தம். குழந்தை கொட்டாவி விட்டது.

தாதி தாய்க்கு ஏதோ சொன்னார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, "டொக்டர் மாத்தயா" என்றா, டொக்டர் ஐயா என்று. எனக்கு நிலம் பிளந்தால் தேவலை போல இருந்தது.

"மிஸ், சொல்லுங்கோ அவவுக்கு. நான்தான் இதைப் போட்டவன் எண்டு சொல்லுங்கோ."

"சொன்னா அவவுக்கு இனி நித்திரை வராது. அதை நீங்க வெச்சிருங்க."

மூன்றாவது குழந்தையையும் பார்த்தேன். இல்லை. ஆனால் எனக்கு இப்போது என்னிலேயே நம்பிக்கை இல்லை. ஒன்று போட்ட கை இன்னொன்றையும் போட்டிருக்கும். மிச்சக் கோன்கள் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். வானில் ஏற்றிக் கொண்டுவந்தோம். இரண்டு நாள் அளவு அறையில் இருந்து, ஒவ்வொரு கோனையும் விரலுக்குள்ளால் ஓடவிட்டுப் பார்த்தேன். பதினான்காவது கோனில் ஒரு முடிச்சு.

என்னுடையது அல்ல. என் முடிச்சின் வால் வலப்பக்கம் சாயும். இது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. சுற்றுப் பகுதியில் இடக்கைக்காரர் ஒருவர்தான்.

"உங்கட கையா?" என்று மிஸ் கேட்டா.

"இல்லை மிஸ்."

"யாருட கை?"

நான் கோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருட கை?"

இன்னொரு தரம் கேட்டிருந்தால் என் வாயிலிருந்து வந்திருக்கும். அவ கேட்கவில்லை. பென்சிலை எடுத்து, பதினான்கு, ஒரு முடிச்சு என்று மட்டும் எழுதினா.

பதினெட்டுக் கோனும் எரிக்கப் போனது. புது நூல் செய்து, ஆஸ்பத்திரியில் மறுபடி தொடங்க மாதங்கள் எடுத்தன. ஆனால் கம்பனி எங்களை விடவில்லை. விட்டுவிடுவோம் என்று சொன்ன மனேஜரிடம், முடிச்சுப் போட்ட ஆள் தானே வந்து சொல்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது என்று மிஸ் கேட்டாவாம். இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். எனக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், வேலை இடைநிறுத்தம், கடிதத்தில். ஒன்பது நாள் மறைத்ததற்கு என்று அதில் எழுதியிருந்தது, முடிச்சுப் போட்டதற்கு என்று அல்ல. நான் அதை நியாயம் என்றே எடுத்தேன்.

அந்தக் கிழமைகளில் ஒருநாள் பிலோமினா அக்கா ஒரு பாரை மீனோடு வந்தா, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் மீனைப் பார்த்துக் குதித்தீர்கள். அவ வாசல் விறாந்தையில் நின்றபடி, "பதினாலாவது என்ர. நீ ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டா. மிஸ் கேட்கவில்லை என்றேன். "எனக்கு நித்திரை இல்லையடா" என்றா. அடுத்த நாள் தானாகப் போய்ச் சொன்னா. அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் ஒரு மணி கட்டினார்கள். அறுந்தால் முதலில் மணியை அடிக்க வேண்டும், கை நூலைத் தொடக்கூடாது. மணி அடித்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது என்பதும் விதி. முதல் கிழமை மணிச் சத்தம் கோயில் திருநாள் போல இருந்தது. அதுவரைக்கும் எத்தனை முடிச்சுப் போயிருக்கும் என்று அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்கு விளங்கியது.

இனி ஒன்றுதான் மிச்சம்.

இடைநிறுத்தக் கடிதம் கிடைத்த அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். அம்மா உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு செபமாலைக்குப் போயிருந்தா. கிணற்றடிக் கல்லில் இருந்து, சவரம் செய்கிற பிளேட்டை எடுத்து, பெருவிரல் நகத்தைச் சதையோடு சேர்த்து ஒட்ட வெட்டினேன். எரிந்தது. தண்ணீர் ஊற்றினேன். பிறகு கொடியில் கிடந்த பழைய வலையில் இருந்து ஒரு நூலை அறுத்து எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு, எப்போதும் போடுவது போல ஒரு முடிச்சுப் போட்டேன். பெருவிரலால் அழுத்தி இறுக்கினேன். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன்.

கழன்று வந்தது.